வீட்டில் ஆக்ஸிஜன் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்ஸிஜனோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் எல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்தப் பரபரப்பில் காதில் விழுந்தது பாதி, மனதில் நின்றது அதிலும் பாதி. இதனால் பலர் பயப்படத் தேவையில்லாத விஷயத்துக்குப் பயந்து ஆக்ஸிஜனைக் குறைத்துக்கொள்கிறார்கள், கட்டாயம் பயப்பட வேண்டிய விஷயத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதில் உள்ளவை பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கு அளவும் கருவியும் வேறு. உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்தது இங்கே உள்ளதோடு மாறுபட்டால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

ஒரு தடவை ஆக்ஸிஜன் வெச்சுட்டா அதுக்கே பழகிடும், அப்புறம் எடுக்கவே முடியாதுன்னு சொல்றாங்களே?

பழகாது. நாம் ஒவ்வொரு மூச்சிலும் இழுப்பது ஆக்ஸிஜனைத்தான், அதற்கு யாரும் அடிமையாவதில்லை. நுரையீரல் பழுதானதால் ரத்தத்தில் குறைகிற பங்கை இந்தச் சிகிச்சை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். சிலருக்குக் காலம் முழுக்கத் தேவைப்படுவதற்குக் காரணம் அவர்களுடைய நோய். நிமோனியா போன்ற ஒன்றிலிருந்து தேறி வருபவர்களுக்குச் சில வாரங்களில் தேவையே இல்லாமல் போவதும் உண்டு.

இந்தப் பயத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழகிவிடுமோ என்று நினைத்துத்தான் பலர் ராத்திரியில் கழற்றி வைக்கிறார்கள், பகலில் முடிந்தவரை தாக்குப்பிடிக்கிறார்கள். அந்த நேரமெல்லாம் இதயமும் மூளையும் குறைந்த ஆக்ஸிஜனோடு சிரமப்படுகின்றன.

காத்துலயே ஆக்ஸிஜன் இருக்கே, இந்த மெஷின் புதுசா என்ன செய்யுது?

காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம். மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். கான்சன்ட்ரேட்டர் என்கிற இந்த மெஷின் அறைக் காற்றை இழுத்து அழுத்தி, ஜியோலைட் என்ற துகள்கள் நிரம்பிய உருளைகளுக்குள் அனுப்புகிறது. ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே வருவது 90 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன். அதனால் சிலிண்டர் போல இது தீர்ந்துபோகாது. மின்சாரம் இருக்கும்வரை ஓடும்.

மூடின ரூம்ல ஓடிக்கிட்டே இருந்தா, கூடப் படுத்திருக்கிறவங்களுக்கு ஆக்ஸிஜன் குறைஞ்சிடாதா?

குறையாது. மெஷின் பிடித்து வைத்த நைட்ரஜனை உடனுக்குடன் அதே அறைக்குள்தான் விடுகிறது. பிரித்தெடுத்த ஆக்ஸிஜனும் நோயாளியின் மூக்கு வழியாக அதே அறைக்குத்தான் வருகிறது. ஆனாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மெஷின் சூட்டைக் கிளப்பும், காற்றோட்டம் இருந்தால் அதுவும் நன்றாக ஓடும். சிலிண்டர் வைத்திருந்தால் காற்றோட்டம் கட்டாயம், ஏனென்றால் சிலிண்டர் வெளியிலிருந்து வந்த ஆக்ஸிஜனை அறையில் சேர்க்கிறது.

மூச்சு வாங்குறப்ப மட்டும் வெச்சுக்கிட்டாப் போதாதா? நாள் பூரா மூக்குல மாட்டிக்கிட்டு இருக்கணுமா?

உங்களுக்கு எழுதிக்கொடுத்திருப்பது எது என்பதைப் பொறுத்தது. சிலருக்கு நடக்கும்போது மட்டும், சிலருக்குத் தூங்கும்போது மட்டும். ஓய்வில் இருக்கும்போதே சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கும் அளவு) 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு நீண்டகால ஆக்ஸிஜன் சிகிச்சை தருவார்கள். அதை ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த 15 மணி நேரம் சும்மா சொன்ன கணக்கில்லை. சிஓபிடி (மூச்சுக் குழாய்கள் நாள்பட்டு அடைபடும் நுரையீரல் நோய்) உள்ளவர்களிடம் பிரிட்டனில் நடந்து 1981-இல் வெளியான ஆய்வில், தினம் 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் வைத்துக்கொண்ட 42 பேரில் 5 ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 19 பேர். வைத்துக்கொள்ளாத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 203 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. ராத்திரியில் மட்டும் வைத்தவர்களைவிட, ராத்திரி பகல் இரண்டிலும் வைத்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். ஆயுளைக் கூட்டுகிற சிகிச்சை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை சிஓபிடியில் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

மூச்சு வாங்குவதை வைத்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள். ஆக்ஸிஜன் மெல்ல மெல்லக் குறையும்போது உடம்பு அதைக் காட்டிக்கொள்ளாமலே இருக்கும். தூங்கும் நேரத்தை முழுவதும் கணக்கில் சேர்த்துவிட்டால் பாதி வந்துவிடும். மீதியைச் சாப்பிடும்போது, படிக்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போது என்று பிரித்துக்கொள்ளலாம்.

சாச்சுரேஷன் 95 காட்டுது, ஆனா மூச்சு வாங்குது. அப்போ ஆக்ஸிஜன் வெச்சா நல்லதுதானே?

பெரும்பாலும் பலன் இருக்காது. மூச்சு வாங்குவதற்கு ஆக்ஸிஜன் குறைவு ஒரு காரணம் மட்டுமே. சுருங்கிய மூச்சுக் குழாய், இதயக் கோளாறு, ரத்தசோகை, பதற்றம் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆக்ஸிஜனை வைத்துவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுவதுதான் இங்கே ஆபத்து. ஓய்வில் ஓரளவே குறைந்தவர்கள், நடக்கும்போது மட்டும் குறைந்தவர்கள் என 738 சிஓபிடி நோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்விலேயே, ஆக்ஸிஜனால் ஆயுள் கூடவும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போவது குறையவும் இல்லை.

அந்த நேரத்துக்கு ஒரு எளிய உதவி உண்டு. சின்ன கைவிசிறி மெஷினை மூக்கு, கன்னத்தின் பக்கம் காற்று படுகிற மாதிரி பிடியுங்கள். முகத்தில் காற்று படுவதே மூச்சுத் திணறும் உணர்வைக் குறைக்கும். முன்பக்கம் லேசாகக் குனிந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விடுவதும் உதவும்.

ரொம்ப மூச்சு வாங்குறப்ப 2-லேர்ந்து 4-க்கு நாங்களே ஏத்திக்கலாமா?

மருத்துவர் அப்படி ஏற்றிக்கொள்ள எழுத்தில் இடம் கொடுத்திருந்தால் மட்டும். "உட்கார்ந்திருக்கும்போது 1, நடக்கும்போது 3" என்று தனித்தனியாக எழுதித் தருவது சகஜம், நிமிடத்துக்கு அத்தனை லிட்டர் என்று அர்த்தம். அந்த எல்லைக்குள் மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டக் கூடாது.

ஆக்ஸிஜன் ஒரு மருந்து. குறைந்தால் எப்படிக் கெடுதலோ, கூடினாலும் அப்படித்தான். சிஓபிடி உள்ள சிலருக்கும், உடல் பருமனால் மூச்சு ஆழமாக விட முடியாதவர்களுக்கும், மூச்சுத் தசைகள் பலவீனமானவர்களுக்கும் உடம்பில் கரியமில வாயு ஏற்கெனவே தேங்கியிருக்கும். ஆக்ஸிஜனைத் தேவைக்கு மேல் கொடுத்தால் அந்தத் தேக்கம் கூடும். காலையில் எழும்போது தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், கை நடுக்கம் எல்லாம் அதன் அடையாளங்கள். முற்றினால் நினைவு தப்பும். விரலில் மாட்டும் மீட்டரில் சாச்சுரேஷன் 99 காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும் என்பதுதான் கொடுமை. வீட்டில் இருப்பவர்கள் "நல்லா இருக்கு, அசந்து தூங்குறார்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

எல்லாருக்கும் 95-க்கு மேல இருக்கணும்னு சொல்றாங்க. எங்கப்பாவுக்கு 90-தான் இருக்கு, டாக்டர் போதும்கிறாரே?

டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கும். மேலே சொன்ன கரியமில வாயுத் தேக்கத்துக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு இலக்கு 88-இலிருந்து 92 வரை. அப்பாவுக்கு 97 வரவைக்க முயற்சி செய்யாதீர்கள். உங்களுக்கான இலக்கு எண்ணை மருத்துவரிடம் கேட்டு, மெஷின் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். வேறு யாராவது வந்து பார்த்துக்கொள்கிற நாளில் அந்தத் தாள் மிகவும் உதவும்.

விரல்ல மாட்டுற மீட்டர் ஒரு தடவை 84, அடுத்த நிமிஷம் 93 காட்டுது. எதை நம்பறது?

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல கருவிதான். ஆனால் 2, 3 புள்ளி முன்னே பின்னே காட்டுவது அதன் இயல்பு. விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை அசைந்தால் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சு மட்டத்தில் அசையாமல் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலையாக நின்ற பிறகு பாருங்கள். அது காட்டும் நாடித் துடிப்பையும் கவனியுங்கள். நீங்கள் கையைப் பிடித்து எண்ணுவதோடு அது பொருந்தவில்லை என்றால் சாச்சுரேஷன் எண்ணையும் நம்ப முடியாது.

கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. புகைபிடிப்பவர்களுக்கும் அப்படித்தான், கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமாகவே அது படித்துவிடும். எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

ஆக்ஸிஜன் வெடிக்குமா? வீட்டுல வெச்சுக்கவே பயமா இருக்கு.

ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் பல மடங்கு வேகமாக எரியவைக்கும். சாதாரணமாக ஒரு தீப்பொறி சட்டையில் பட்டால் கருகி அணைந்துபோகும். ஆக்ஸிஜன் ஊறிய சட்டையில் பட்டால் குப்பென்று பிடிக்கும். தலைமுடி, தாடி, தலையணை, போர்வை எல்லாவற்றிலும் அது ஊறி நிற்கும். மூக்கில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயே திரி மாதிரி எரிந்து முகத்தைச் சுடும். இந்தச் சிகிச்சையில் நான் எல்லோரையும் உண்மையாகவே பயப்படச் சொல்வது இதற்குத்தான்.

நெருப்பு எதுவானாலும் ஆக்ஸிஜனிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அடுப்பு, மெழுகுவர்த்தி, எரியும் எந்தத் திரியும் கங்கும் இதில் அடங்கும். கம்பி பழுக்கிற ஹீட்டர், தலைமுடி உலர்த்தும் டிரையர், மின்சார ஷேவர், சூடேறும் மின்போர்வை இவற்றை ஆக்ஸிஜன் வைத்திருக்கும்போது பயன்படுத்த வேண்டாம். குழாயை மூக்கிலிருந்து எடுக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டு எடுங்கள். "இதோ வந்துடறேன்" என்று ஓடுகிற குழாயைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனால், அந்த நேரம் முழுக்க மெத்தைக்குள் ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டிருக்கும்.

குழாயில் தீப்பிடித்தால் ஆக்ஸிஜன் ஓட்டத்தைத் தானாக அடைக்கிற சின்னத் தீத்தடுப்பு இணைப்பு ஒன்று உண்டு. கருவி தருகிறவர்களிடம் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவியும் இருக்கட்டும். அப்படியும் தீப்பிடித்தால் முதலில் குழாயை முகத்திலிருந்து இழுத்து எறியுங்கள். கை எட்டுகிற தூரத்தில் இருந்தால் ஆக்ஸிஜனை நிறுத்துங்கள். உடனே வெளியேறுங்கள். தீயணைப்புத் துறைக்குச் சொல்லும்போது வீட்டுக்குள் ஆக்ஸிஜன் இருப்பதையும் சொல்லுங்கள்.

சிகரெட்டை விட முடியலை. மெஷினை ஆஃப் பண்ணிட்டு வெளியில போய்ப் பிடிச்சா பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆஃப் செய்தவுடன் ஆபத்து போய்விடுவதில்லை. மேலே சொன்ன மாதிரி சட்டையிலும் முடியிலும் ஆக்ஸிஜன் ஊறியிருக்கும். குறைந்தது 20, 30 நிமிடமாவது திறந்த வெளியில் இருந்தால்தான் அது போகும். இ-சிகரெட்டும் இதே கணக்குதான், அதற்குள்ளும் சூடேறும் கம்பி இருக்கிறது. கூட இருக்கிறவர்களும் அந்த அறையில் பிடிக்கக் கூடாது.

ஆனால் இதை மறைக்காதீர்கள். திருட்டுத்தனமாகப் பிடிப்பவர்கள்தான் அவசரத்தில் குழாயைக் கழற்ற மறக்கிறார்கள். மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம், மாத்திரை என்று உதவ வழி இருக்கிறது. வீட்டார் திட்டாமல் இருந்தால் பிடிப்பவர்களும் சொல்வார்கள்.

சமையல் நான்தான் பண்ணியாகணும். அதுக்கு என்ன வழி?

கேஸ் அடுப்பு முன்னால் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு நிற்கவே கூடாது. அடுப்பு வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்வதுதான் நல்லது. நறுக்குவது, பிசைவது, கலப்பது எல்லாம் வேறு அறையில் உட்கார்ந்து செய்யலாம். மைக்ரோவேவ் அவன் பயன்படுத்தலாம். கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் இல்லாமல் இருக்க மருத்துவர் அனுமதித்திருந்தால், மெஷினை நிறுத்தி, உடையை மாற்றி, முன் பதிலில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகு அடுப்புப் பக்கம் போகலாம்.

மூக்கெல்லாம் காய்ஞ்சு ரத்தம் வருது. வாசலின் தடவலாமா?

கூடாது. வாசலின், தைலம், எண்ணெய் எதுவும் முகத்திலும் மூக்கிலும் வேண்டாம். எண்ணெய்ப் பொருட்கள் ஆக்ஸிஜனில் எளிதாகத் தீப்பிடிக்கும், தவிர அவை மூக்குக் குழாயின் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும், அதைத் தடவுங்கள். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடலாம். காதுக்குப் பின்னால் குழாய் உரசிப் புண்ணாகிறது என்றால், அந்த இடத்தில் மெத்தென்ற உறை மாட்டுங்கள். கைக்கு ஆல்கஹால் சானிடைசர் போட்டால் முழுதாக உலர்ந்த பிறகே குழாயைத் தொடுங்கள்.

பாட்டில்ல எந்தத் தண்ணி ஊத்தறது? எப்போ மாத்தணும்?

ஆக்ஸிஜனை ஈரமாக்கி அனுப்பும் ஹியூமிடிஃபையர் பாட்டிலுக்கு டிஸ்டில்டு வாட்டர். அது இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். பாட்டிலில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கட்டும். குறைந்தால் மேலே மேலே ஊற்றாமல், தினமும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமி நேராக நுரையீரலுக்குத்தான் போகும். வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக அலசுங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டருக்குக் குறைவாக வைப்பவர்களில் பலருக்கு இந்தப் பாட்டிலே தேவைப்படுவதில்லை, கேட்டுப் பாருங்கள்.

மெஷின் சத்தம் தாங்கலை. பக்கத்து ரூம்ல வெச்சு நீளமா டியூப் இழுத்துக்கலாமா?

இழுக்கலாம். பொதுவாக 15 மீட்டர் வரை பெரிய இழப்பு இருக்காது. உங்கள் மெஷினுக்கான எல்லை அதன் கையேட்டில் இருக்கும். நீளக் குழாயின் பெரிய ஆபத்து தடுக்கி விழுவது. நிறமுள்ள குழாயாக வாங்கி, சுவரோரமாக விட்டு, நடக்கிற வழியிலும் கதவிடுக்கிலும் போகாமல் பாருங்கள். வளர்ப்புப் பிராணிகள் கடித்துவிடும், அதையும் கவனியுங்கள்.

மெஷினைச் சுவர், திரைச்சீலை, கட்டில் எல்லாவற்றிலிருந்தும் ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். சத்தம் குறையட்டும் என்று துணி போட்டு மூடுவதும், அலமாரிக்குள் வைப்பதும் கூடாது. சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். பின்பக்கத் தூசி வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

மூக்குல காத்து வர்ற மாதிரியே தெரியலையே, மெஷின் ஓடுதா இல்லையா?

1, 2 லிட்டரில் பலருக்கு எதுவும் தெரியாது. குழாயின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் வருகிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா, நாற்காலிக் கால் ஏறியிருக்கிறதா, பாட்டில் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பாட்டில் மூடிதான் அடிக்கடி குற்றவாளி. எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும் மெஷின் மீட்டரில் குண்டின் நடுப்பகுதி உங்கள் எண்ணின் கோட்டில் நிற்க வேண்டும், கண்ணை அதே மட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

மூக்குக் குழாயை 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். சளி, காய்ச்சல் வந்து போனால் உடனே மாற்றுங்கள்.

கரண்ட் போயிட்டா என்ன பண்றது?

இதற்கான ஏற்பாடு மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே இருக்க வேண்டும். கான்சன்ட்ரேட்டரை நம்பி இருப்பவர்கள் வீட்டில் ஒரு நிரம்பிய சிலிண்டரும், அதற்கான ரெகுலேட்டரும், பொருந்துகிற குழாயும் தயாராக இருக்கட்டும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தருகிற மெஷின் சுமார் 300 முதல் 400 வாட் இழுக்கும். அந்தச் சுமையை உங்கள் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு பகல் நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சிலிண்டருக்கு மாற்றுவதையும் வீட்டில் இரண்டு பேராவது இருட்டில் செய்கிற அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். இருட்டில் தேடுவதற்கு டார்ச், ஒருபோதும் மெழுகுவர்த்தி வேண்டாம்.

சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கணக்கு எளிது. சிலிண்டரின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, ரெகுலேட்டர் காட்டும் அழுத்தத்தை பார் அளவில் அதோடு பெருக்குங்கள். உதாரணமாக 10 லிட்டர் சிலிண்டரில் 100 பார் இருந்தால், உள்ளே சுமார் 1,000 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம். கடைசிச் சொட்டுவரை நம்பாமல் அரை மணி நேரத்தைக் கழித்தே திட்டமிடுங்கள். ரெகுலேட்டர் பிஎஸ்ஐ காட்டினால் அதை 14.5-ஆல் வகுத்தால் பார் வரும்.

சிலிண்டரைக் கையாள்றப்ப எதுல கவனமா இருக்கணும்?

இரண்டில். ஒன்று, அது விழக் கூடாது. ஸ்டாண்டில் மாட்டுங்கள் அல்லது சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். வால்வு உடைந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் சிலிண்டரையே சீறிப் பாயவைக்கும். இரண்டு, வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. இறுகியிருக்கிறதே என்று எண்ணெய் விட்டால், அத்தனை அழுத்தத்தில் நெருப்பே இல்லாமல் பற்றிக்கொள்ளும். திறக்கும்போது மெதுவாகத் திறவுங்கள், சட்டென்று திறந்தால் வாயு இறுகிச் சூடேறும். பயன்படுத்தாத நேரத்தில் வால்வை மூடுங்கள். தொழிற்சாலைகளுக்கான ஆக்ஸிஜன் சிலிண்டரை ஒருபோதும் வாங்காதீர்கள்.

மூக்குக் குழாய் உறுத்துது. அதே 2 லிட்டரை மாஸ்க்ல வெச்சுக்கலாமா?

கூடாது. சாதாரண மாஸ்க்குக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 5 லிட்டராவது ஓட வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் நீங்கள் வெளியே விட்ட கரியமில வாயு மாஸ்க்குக்குள்ளேயே நின்று, அதையே திரும்ப இழுப்பீர்கள். குறைந்த அளவுக்கு மூக்குக் குழாய்தான் சரி. மென்மையான வகைக் குழாய்கள் கிடைக்கின்றன, மாற்றிப் பாருங்கள்.

தூங்குறப்ப அம்மா வாய் வழியா மூச்சு விடறாங்க. ஆக்ஸிஜன் வீணாப் போகாதா?

கொஞ்சம் வீணாகலாம், ஆனால் பெரும்பாலும் போதுமான அளவு உள்ளே போகும். மூக்கின் பின்பகுதியில் தேங்கும் ஆக்ஸிஜன் வாய் வழி மூச்சோடும் இழுபடும். தூங்கும்போது மீட்டர் மாட்டி இலக்கு எண்ணுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிபேப், பைபேப் மெஷினோட ஆக்ஸிஜனைச் சேர்த்துக் குடுத்திருக்காங்க. எதை முதல்ல போடறது?

மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் சிபேப் அல்லது பைபேப்பை முதலில் ஓடவிட்டு, பிறகு ஆக்ஸிஜனைத் திறவுங்கள். நிறுத்தும்போது முதலில் ஆக்ஸிஜன், பிறகு மெஷின். வரிசை மாறினால் ஓடாத மெஷினுக்குள் ஆக்ஸிஜன் சேர்ந்து, உள்ளே உள்ள மின்பாகங்களால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. ராத்திரி கரண்ட் போனால் சிபேப் நின்றுவிடும், சிலிண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போதும் இதே காரணத்துக்காக உடனே ஆக்ஸிஜனை மூடி, மாஸ்க்கைக் கழற்றி, மூக்குக் குழாய்க்கு மாற வேண்டும்.

தூக்கமே வரலை. தூக்க மாத்திரை போட்டுக்கலாமா? கொஞ்சம் மது?

மருத்துவரைக் கேட்காமல் இரண்டும் வேண்டாம். தூக்க மாத்திரை, மது, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து மூன்றும் மூச்சு விடுவதை மந்தமாக்கும். கரியமில வாயு தேங்குகிறவர்களுக்கு இது நேரடி ஆபத்து. தூக்கம் வராததற்கே அந்தத் தேக்கம் காரணமாக இருக்கலாம், அதனால் தூக்கப் பிரச்சினையை அவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

கையில எடுத்துட்டுப் போற சின்ன மெஷின்ல 2 வெச்சா, வீட்டு மெஷின்ல 2 வெச்ச மாதிரிதானே?

இல்லை. கையடக்க மெஷின்கள் பெரும்பாலும் நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு தவணை ஆக்ஸிஜனைத் தள்ளும். அதில் உள்ள 2 ஒரு படிநிலை எண் மட்டுமே. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருளில்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறவும் செய்யும். வாங்குவதற்கு முன் அதை மாட்டிக்கொண்டு நடந்து, சாச்சுரேஷன் இறங்காமல் இருக்கிறதா என்று மருத்துவரிடமோ சுவாசச் சிகிச்சையாளரிடமோ பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் இருந்தால் சில மெஷின்களால் அதை உணர முடியாது. ராத்திரிக்கு அதை நம்பலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கார்ல, விமானத்துல போகலாமா?

காரில் போகலாம். சிலிண்டரை உருளாமல் கட்டுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் சிலிண்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எரிபொருள் நிரப்பும் இடத்தில் ஆக்ஸிஜனை நிறுத்திவைக்க வேண்டும்.

விமானத்துக்கு முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். வீட்டில் ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கும் அங்கே தேவைப்படலாம். சொந்தச் சிலிண்டரைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. விமான நிறுவனம் ஏற்கும் கையடக்க மெஷினாக இருக்க வேண்டும், பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரத்துக்கு பேட்டரி கேட்பது வழக்கம். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நிறுவனத்திடம் பேசுங்கள்.

5 லிட்டர் மெஷின்ல 7 லிட்டர் தேவைப்படுது. குண்டை உச்சிக்கே ஏத்திவிட்டா?

எண் ஏறலாம், சுத்தம் இறங்கிவிடும். மெஷினின் எல்லையைத் தாண்டினால் நைட்ரஜனைப் பிரிக்க நேரம் போதாது. நிறைய காற்று வரும், அதில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். இரண்டு மெஷினை ஒய் இணைப்பால் சேர்ப்பதுண்டு, ஆனால் அதை மருத்துவரும் கருவி தருகிறவரும் பார்த்துச் செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், நேற்றுவரை 3-இல் இருந்தவருக்கு இன்று 7 தேவைப்பட்டால் அது மெஷின் பிரச்சினை இல்லை. அடுத்த பதிலைப் படியுங்கள்.

எப்போ வீட்டுல வெச்சுப் பார்க்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், வழக்கமான அளவிலேயே வைத்தும் சாச்சுரேஷன் இலக்குக்குக் கீழேயே நின்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். புதிதாகக் குழப்பமோ எழுப்பினாலும் எழாத தூக்கமோ வந்தால், மீட்டரில் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூப்பிடுங்கள். முதலில் குழாய், மெஷின், சிலிண்டர் மூன்றையும் ஒரு பார்வை பாருங்கள், ஆனால் அதிலேயே நேரத்தைக் கழிக்காதீர்கள். வருகிறவர்களிடம் மெஷினில் ஒட்டிய இலக்குத் தாளைக் காட்டுங்கள். அவர்களும் தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுக்காமல் இருக்க அது உதவும்.

நிமோனியா வந்து ஆக்ஸிஜனோட அனுப்பினாங்க. மூணு மாசம் ஆச்சு, இப்போ நல்லா இருக்கேன். நானே நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். திடீர் நோய்க்குப் பிறகு கொடுத்த ஆக்ஸிஜனை 60 முதல் 90 நாட்களுக்குள் மறுபடி சோதித்துப் பார்ப்பது முறை. பலருக்கு அதற்குள் தேவை போயிருக்கும், யாரும் கேட்காததால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓய்வில், நடக்கவைத்து, தேவைப்பட்டால் ராத்திரித் தூக்கத்தில் என்று பார்ப்பார்கள். சிலருக்கு ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். பகலில் மட்டும் நிறுத்தி ராத்திரிக்குத் தொடரச் சொல்வதும் உண்டு. அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகும்போது, கடந்த ஒரு வாரத்தில் ஓய்விலும் நடந்த பிறகும் எடுத்த சாச்சுரேஷன் எண்களையும், அப்போது எத்தனை லிட்டரில் இருந்தீர்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.